மோட்டார் சைக்கிளுக்கு எந்த பிரேக் பேட்? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக் பேட் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கி இங்கே பதில் தந்திருக்கிறோம்.

நாமக்கல் வாசகர்: என்னுடையது 150 சிசி வண்டி. தினமும் அலுவலகத்துக்கும், வாரம் ஒருமுறை ஊருக்கும் ஓட்டுகிறேன். முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதால் கம்பெனி பேட் கேட்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரரோ, "சின்டர்ட் பேட் போடுங்கள், தொட்டாலே பிடிக்கும்" என்கிறார். விலை இரண்டு மடங்குக்கு மேல். போடலாமா?

உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை. ஏன் தேவையில்லை என்பதைச் சொல்ல, பேட் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த பேட் ஆனாலும் அது ஓர் இரும்புத் தகடும் அதன்மேல் பிடிக்கவைத்த உராய்வுப் பொருளும்தான். ஆர்கானிக் வகையில் நார்கள், கிராஃபைட், தாதுப் பொடிகள் ஆகியவற்றைப் பிசினில் குழைத்து, அச்சில் அழுத்திச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துகிறார்கள். சின்டர்ட் வகையில் பிசினே கிடையாது. செம்பு முதலிய உலோகப் பொடிகளை, முழுவதும் உருகிவிடாத அளவுக்குச் சூடேற்றி, அழுத்தத்தில் ஒன்றோடொன்று பிணையச் செய்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில், பிசினோடு உலோகத் துகள்களையும் நார்களையும் கலந்து செய்வது செமி மெட்டாலிக். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாக் குணங்களும் வருகின்றன. பிசின் இருப்பதால் ஆர்கானிக் பேட் மென்மையாக, சத்தமின்றி, டிஸ்கை அதிகம் தேய்க்காமல் பிடிக்கும். ஆனால் கடும் சூட்டில் அந்தப் பிசினே இளகி வாயுவை வெளியிடுவதால் பிடிப்பு குறையும், பேட் தேய்வதும் விரைவு. சின்டர்ட் பேட் சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், மழையில் நனைந்த டிஸ்கிலும் தயங்காமல் பிடிக்கும். பதிலுக்கு டிஸ்கைக் கூடுதலாகத் தேய்க்கும், சில வண்டிகளில் சத்தமும் போடும்.

எனவே "எது உயர்ந்தது" என்று கேட்பதைவிட, "என் வண்டியின் டிஸ்க் எந்த வகைக்காகச் செய்யப்பட்டது" என்று கேட்பதே பொருத்தம். சின்டர்ட் பேடோடு விற்பனைக்கு வரும் வண்டிகளில், டிஸ்கின் உலோகமும் கனமும் அதற்கேற்பவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆர்கானிக் பேடோடு வந்த வண்டியில் சின்டர்ட் போட்டால் உடனே ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. ஆனால் பேட் நெடுநாள் உழைத்து, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டிஸ்க் முன்கூட்டியே தேய்ந்துபோனால், மிச்சம் பிடித்ததாக நினைத்தது நஷ்டமாகத்தான் முடியும். வார்ப்பிரும்பு டிஸ்க் உள்ள பழைய வண்டிகளில் சின்டர்ட் பேடை நினைக்கவே கூடாது.

நீங்கள் கம்பெனி பேடையே வாங்கலாம். அது கிடைக்காவிட்டால், பெயர் பெற்ற பிரேக் தயாரிப்பாளர் ஒருவருடைய ஆர்கானிக் அல்லது செமி மெட்டாலிக் பேட் போதும். வெளிச்சந்தை பேட் என்றாலே மட்டம் என்று எண்ண வேண்டாம். வண்டிக் கம்பெனிகள் பேடைத் தாமே செய்வதில்லை. பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனங்களிடமிருந்து வாங்கித் தம் பெட்டியில் போட்டு விற்கின்றன. சென்னையில் பாடியும் அம்பத்தூரும் நெடுங்காலமாகப் பிரேக் லைனிங் தொழிலுக்குப் பெயர் போன இடங்கள்.

கடைக்குப் போகும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், கழற்றிய பழைய பேடையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயரில் விற்கும் வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பிரேக் மாறியிருக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொண்டால், முன் டிஸ்க் முன்பு 280 மி.மீ. விட்டம் கொண்டதாக இருந்தது. 2021-இல் வந்த புதிய வடிவத்தில் அது 300 மி.மீ. ஆனது. உற்பத்தி ஆண்டைச் சொல்லாமல் வாங்குபவர்கள் மறுபடியும் கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

கோயம்புத்தூர் வாசகர்: சில பேடுகளில் எஃப்எஃப், ஜிஜி, எச்எச் என்று எழுத்துகள் இருக்கின்றன. எச்எச் தான் மிகச் சிறந்தது என்கிறார்களே?

அவை உராய்வுக் கெழுவை, அதாவது பேட் டிஸ்கை எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவை, குறிக்கும் எழுத்துகள். முதல் எழுத்து சாதாரண சூட்டிலும், இரண்டாவது எழுத்து கடும் சூட்டிலும் சோதனைக்கூடத்தில் அளந்த மதிப்பைச் சொல்கின்றன. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் 0.55-க்கு மேல். எச் எழுத்துக்கு மேல்வரம்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். எச்எச் என்று பொறித்த இரண்டு பேடுகள் கையில் வெவ்வேறு விதமாகப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு, பேட் எத்தனை நாள் உழைக்கும், டிஸ்கை எவ்வளவு தேய்க்கும், மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்பவற்றைப் பற்றி இந்த எழுத்துகள் ஒன்றும் சொல்வதில்லை.

நான் பார்ப்பது இரண்டாவது எழுத்தைத்தான். முதல் எழுத்து ஜி-யாகவும் இரண்டாவது எஃப் ஆகவும் இருந்தால், சூடு ஏறும்போது பிடிப்பு குறைகிறது என்று பொருள். இரண்டும் ஒன்றாக இருக்கும் பேட், சற்றுக் குறைந்த தரத்தில் இருந்தாலும், கைக்குப் பழகிய அழுத்தத்தை மாற்றாது. சிறிய வண்டியில், அதுவும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பின் சக்கரத்தில், மிகக் கடுமையாகப் பிடிக்கும் பேடைப் போட்டால் சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்றாலும், அவற்றில் பல முன் சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் கொண்டவை என்பதை நினைவில் வையுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: நல்ல கம்பெனியின் பேட் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. முதலில் பிடிப்பே இல்லை. பிறகு ஓரளவு சரியானது. போன வாரம் வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்ததிலிருந்து மறுபடியும் வழுக்குகிறது, "கீச்" என்று சத்தமும் வருகிறது. பேட் போலியா?

போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள்.

புதிய பேட் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. பேடின் பரப்பு டிஸ்கின் பரப்போடு பொருந்த வேண்டும். பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்கின்மேல் சீராகப் படிய வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வரை நிதானமாகப் பிரேக் பிடித்து, வண்டியை முழுதாக நிறுத்தாமல் விட்டு, சற்று ஓட்டி டிஸ்க் ஆறியதும் மறுபடியும் பிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் அந்தப் படலம் படிந்துவிடும். சூடான டிஸ்கில் பேடை அழுத்திப் பிடித்தபடி நின்றுவிட்டால் அந்த இடத்தில் மட்டும் படலம் திட்டாகப் படிந்து, பிற்பாடு லீவரில் துடிப்பாகத் தெரியும். முன்பு இருந்தது வேறு வகை பேட் என்றால், புதியதைப் போடுமுன் டிஸ்கை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைப்பது நல்லது.

இரண்டாவது விஷயம் வாட்டர் சர்வீஸ். நம் ஊரில் வண்டியைக் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலையோ கழிவு ஆயில் கலந்த எதையோ துப்பாக்கியில் அடிக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. எஞ்சினையும் சேஸையும் குறிவைத்து அடிப்பது காற்றில் பரவி டிஸ்கிலும் படிகிறது. டயருக்குப் போடும் பாலிஷும், செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் இதே வேலையைத்தான் செய்யும். டிஸ்கில் படிந்ததைப் பிரேக் கிளீனர் கொண்டு துடைத்துவிடலாம். ஆனால் பேடைக் கழற்றிப் பாருங்கள்: அதன் முகத்தில் எண்ணெய் ஊறிய கருந்திட்டு தெரிந்தால், உப்புத்தாளில் தேய்த்துப் பயனில்லை, மேல்புறம் காய்ந்ததுபோல் தோன்றும், சூடேறியதும் உள்ளே ஊறியது கசிந்து வரும். இரண்டு வாரப் பேடாக இருந்தாலும் மாற்றுவதே சரி. அடுத்த முறை சர்வீஸ் கடையில், "தண்ணீரும் ஷாம்பூவும் போதும், டீசல் அடிக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்றும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

பேட் சுத்தமாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், பேடின் முதுகில் இருந்த மெல்லிய தகடோ காலிப்பருக்குள் (பேடுகளைத் தாங்கி டிஸ்கின்மேல் அழுத்தும் பாகம்) இருக்கும் ஸ்பிரிங் தகடோ மாற்றும்போது விடுபட்டிருக்கக்கூடும்.

நாகர்கோவில் வாசகர்: நண்பர்களோடு கொல்லிமலை போய் இறங்கும்போது பாதி வழியில் முன் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. சற்று நேரம் நிறுத்திவைத்த பின் சரியானது. மலைக்கென்று சின்டர்ட் பேட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் நல்லபடியாக இறங்கி வந்தீர்களே, அதுவே பெரிது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் பேடைக் குற்றம் சாட்டவில்லை. பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தால் லீவர் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது, கருகிய வாடை வரும். லீவர் பஞ்சுபோல் இளகிக் கைப்பிடியைத் தொட்டு, ஆறியதும் பழையபடி ஆகிவிட்டது என்றால், பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே காலிப்பருக்குப் போகும்; குமிழை அழுத்தினால் குமிழ்தான் சுருங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு விதித்திருப்பது 155 டிகிரி மட்டுமே. இவ்வளவு பெரிய சரிவு வெளிப்பார்வைக்குத் தெரியாமலே நடக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றச் சொல்வது இதனால்தான். பழைய ஆயிலை வைத்துக்கொண்டு சின்டர்ட் பேட் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம். உலோகமாகையால் அது சூட்டைக் காலிப்பருக்குள் எளிதாகக் கடத்தும். முதலில் ஆயிலை மாற்றி, குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுங்கள். ஆயில் கிண்ணத்தின் மூடியில் டாட் 4 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். பெயர் ஒத்திருக்கிறது என்று டாட் 5 வாங்கிவிட வேண்டாம், அது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. இறங்கும்போது முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடிப்பில் வாருங்கள். அடிக்கடி மலை ஏறுபவராக இருந்து, உங்கள் டிஸ்கும் ஏற்றதாக இருந்தால், அதன் பிறகு சின்டர்ட் பற்றி யோசிக்கலாம்.

தஞ்சாவூர் வாசகர்: போலி பேடைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெட்டியை நம்பாதீர்கள், பெட்டியை அச்சடிப்பது எளிது. பேடைக் கையில் எடுத்து முதுகுத் தகட்டைப் பாருங்கள். நல்ல தயாரிப்பில் பாக எண்ணும் உற்பத்தித் தொகுதி எண்ணும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பெயின்ட் சீராக இருக்கும். ஊசி நுழையும் துளையின் ஓரத்தில் பிசிறு இருக்காது. உராய்வுப் பொருள் தகட்டோடு சேரும் விளிம்பை நகத்தால் ஓட்டிப் பார்த்தால் இடைவெளியோ விரிசலோ தட்டுப்படக் கூடாது. ஓடும்போது அந்தப் பொருள் தகட்டிலிருந்து பெயர்ந்துவிடுவதுதான் மட்டமான பேடின் மிகப் பெரிய ஆபத்து. வெளிநாட்டு பேடுகளில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும், அருகே 90ஆர் என்பதும் இருந்தால், மாற்று பேடுகளுக்கான ஐரோப்பிய விதியின்படி ஒப்புதல் பெற்றது என்று பொருள். பில் தர மறுக்கும் கடையில் பிரேக் சாமான் வாங்க வேண்டாம்.

திருப்பூர் வாசகர்: ஒரு பேட் தகடு தெரியுமளவு தேய்ந்திருக்கிறது, எதிரே உள்ளது பாதிகூடத் தேயவில்லை. தேய்ந்ததை மட்டும் மாற்றலாமா?

கூடாது, எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஆனால் மாற்றிவிட்டு அப்படியே ஓட்டினாலும் இதே கதைதான் தொடரும். பேடைத் தள்ளும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உள்ள காலிப்பர், இரண்டு ஊசிகளின்மேல் நகர்ந்துதான் எதிர்ப்பக்கப் பேடையும் அழுத்துகிறது. ரப்பர் உறை கிழிந்து அந்த ஊசியில் மண்ணும் துருவும் சேர்ந்தால் காலிப்பர் நகராது. ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் மிகக் குறைவாகத் தடவி மாட்டச் சொல்லுங்கள்.

சென்னை வாசகர்: பேடை வீட்டிலேயே மாற்ற முடியுமா? டிஸ்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

சரியான ஸ்பேனர்களும் பொறுமையும் இருந்தால் முடியும். பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் அதைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிடுங்கள். தள்ளும்போது மேலே ஆயில் கிண்ணம் நிரம்பி வழிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் டேங்க்கின் பெயின்டில் பட்டால் உரிந்துவிடும். உள்ளே சேர்ந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், நனைத்துத் துடையுங்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும்.

டிஸ்கின் மையப்பகுதியில் "மின் டிஎச்" (குறைந்தபட்சக் கனம்) என்று ஆங்கிலச் சுருக்கத்தில் பொறித்து அருகே ஓர் எண் இருக்கும், 3.5 மி.மீ. என்றோ 4 மி.மீ. என்றோ வண்டிக்கு வண்டி மாறும். பேட் உரசும் வட்டத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, கனம் அதற்குக் கீழே போயிருந்தால் மட்டும் டிஸ்கை மாற்றினால் போதும். விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, லீவர் கெட்டியாகும் வரை மெதுவாகப் பலமுறை அழுத்துங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் மறுபடி வெளியே வந்து பேடைத் தொட்டால்தான் பிரேக் பிடிக்கும். இதை விட்டுவிட்டு வண்டியை எடுத்தால், தெருமுனையில் முதல் முறை அழுத்தும்போது லீவர் வெறுமனே உள்ளே போகும்.