மடங்கு எது, காரணி எது: தடுமாறும் மகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் "6-ன் மடங்குகளை எழுது" என்றால் 1, 2, 3, 6 என்று எழுதி வைக்கிறாள். "12-ன் காரணிகள்" என்றால் 12, 24, 36. திட்டினால் அழுகை. நான் பத்தாவது வரைதான் படித்தேன், எனக்கே குழப்பமாக இருக்கிறது. 0 மடங்கில் சேருமா? ஓர் எண் தனக்கே மடங்கு ஆகுமா? அடுத்து மீ.சி.ம வேறு வரப்போகிறதாம். என் வீட்டுக்காரரோ, "நெல்லு போடுற வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். ட்யூஷனில் சேர்த்துவிடலாமா?
— ஒரு தாய், திருத்துறைப்பூண்டி அருகே

பதில்: ட்யூஷன் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், சகோதரி. உங்கள் மகள் எழுதியதை முதலில் இன்னொரு தடவை பாருங்கள். 6-ஐ மீதமில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 6. இந்த நான்கைத் தவிர வேறு கிடையாது. ஒன்றுகூட விடாமல் எழுதியிருக்கிறாள். 12, 24, 36 மூன்றும் 12-ன் மடங்குகள். அதிலும் பிழை இல்லை. கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதுதான் மாறிப்போயிருக்கிறது. இதற்குத் திட்டு வாங்கும் பிள்ளை, தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிடும். தயவுசெய்து திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இந்த மாறாட்டம் அவளுக்கு மட்டும் வருவதில்லை. 3 × 5 = 15 என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை 15-ன் பக்கத்திலிருந்து பார்த்தால், 15 என்பது 3-ன் மடங்கு. 3-ன் பக்கத்திலிருந்து பார்த்தால், 3 என்பது 15-ன் காரணி. உறவு ஒன்றுதான், அழைக்கும் பெயர்தான் இரண்டு. உங்கள் நாத்தனார் உங்கள் மகளுக்கு அத்தை. அந்த அத்தைக்கு உங்கள் மகள் மருமகள். "அவர் அத்தை" என்று மொட்டையாகச் சொன்னால் "யாருக்கு?" என்று கேட்போம் அல்லவா? அப்படியே "15 ஒரு மடங்கு" என்றால் "எதற்கு மடங்கு?" என்று அவள் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வரத் தொடங்கினாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு வயலுக்கு வாருங்கள். திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ இடைவெளிக்கு அடையாளம் போட்ட கயிற்றைப் பிடித்து நடுவார்களே, அது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். இல்லாவிட்டால் சணலும் ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். ஒரு முனையில் முளைக்குச்சி. அங்கிருந்து 25, 50, 75, 100, 125 என்று ஒவ்வோர் அடையாளத்திலும் ஒரு நாற்று. அவை அத்தனையும் 25-ன் மடங்குகள். மகளிடம் கேளுங்கள்: நாலாவது நாற்று எத்தனையாவது சென்டிமீட்டரில்? 100. நாற்பதாவது? 1,000, அதாவது குச்சியிலிருந்து பத்து மீட்டர். 160-ல் நாற்று இருக்குமா? 150-ல் ஒன்று, 175-ல் ஒன்று. 160 நடுவில் வெற்று இடம். 160-ஐ 25-ஆல் வகுத்தால் 10 மீதி நிற்பதற்கும், 150-ஐத் தாண்டி 10 செ.மீ போய்விட்டதற்கும் ஒரே பொருள். மீதி இல்லையென்றால் மடங்கு, மீதி நின்றால் மடங்கு இல்லை. சோதனை இவ்வளவுதான்.

இப்போது அதே கயிற்றைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். கயிற்றின் நீளம் 100 செ.மீ. எந்தெந்த இடைவெளி வைத்தால் கடைசி நாற்று சரியாக முனையில் விழும்? 10 வைத்தால் விழும், 20 வைத்தால் விழும், 25, 50 வைத்தாலும் விழும். 30 வைத்தால் 90-ல் ஒரு நாற்று, அதற்குப் பின் 10 செ.மீ சும்மா கிடக்கும். சரியாக விழும் இடைவெளிகள்தான் 100-ன் காரணிகள். இடைவெளியைச் சொல்லிவிட்டு நாற்றுகள் எங்கெங்கே விழும் என்று கேட்டால் மடங்கு; நீளத்தைச் சொல்லிவிட்டு என்ன இடைவெளி வைக்கலாம் என்று கேட்டால் காரணி. கேள்வித்தாளில் எண்ணைப் பார்த்ததும் எழுதப் போகாமல், கொடுத்த எண் இடைவெளியா, நீளமா என்று ஒரு நொடி யோசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் 0 சந்தேகத்துக்கும் அந்தக் குச்சியிலேயே பதில் இருக்கிறது. குச்சி அடித்த இடம் 0. அங்கும் ஒரு நாற்று நடலாம், 25 × 0 = 0. ஆகவே 0 எல்லா எண்ணுக்கும் மடங்குதான். பள்ளியில் "முதல் ஐந்து மடங்குகளை எழுது" என்று கேட்கும்போது பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்தே தொடங்குவார்கள். பரீட்சையில் அப்படியே எழுதட்டும். ஓர் எண் தனக்கே மடங்கு ஆகுமா என்றால், ஆகும்: 25 × 1 = 25. தனக்கே காரணியும் ஆகும். 0-வை விட்டுவிட்டால் மிகச் சிறிய மடங்கு அந்த எண்ணேதான். மிகப் பெரிய மடங்கு என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் வயல் முடிந்தாலும் மனசுக்குள் கயிற்றை நீட்டிக்கொண்டே போகலாம். காரணி அப்படியில்லை. 1-ல் தொடங்கி அந்த எண்ணோடு முடிந்துவிடும்.

வாய்ப்பாட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு, மூவாறு பதினெட்டு" என்று மனப்பாடம் செய்வதை நான் குறைவாக நினைக்கவில்லை. அது கைவசம் இருக்கும் பிள்ளைக்கு மேற்கொண்டு எல்லாமே எளிது. ஆனால் புத்தகத்தில் அந்த வரி பத்தோடோ பதினாறோடோ முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் மடங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். "174 ஆறின் மடங்கா?" என்று கேட்டுப் பாருங்கள். வாய்ப்பாட்டில் இல்லை என்று சொன்னால், உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 174 என்பது 120-ம் 54-ம். 120 ஆறின் மடங்கு, 54-ம் ஆறின் மடங்கு, இரண்டையும் கூட்டினாலும் ஆறின் மடங்கு. 20-ம் 9-ம் சேர்ந்து இருபத்தொன்பதாவது மடங்கு. இப்படி உடைக்கப் பழகிய பிள்ளைக்குப் பெரிய எண்ணைப் பார்த்தால் பயம் வராது.

இன்னொரு தடுமாற்றமும் அடிக்கடி வரும். சம இடைவெளியில் வருவதெல்லாம் மடங்கு என்று பிள்ளைகள் நினைப்பது. நம் சட்டமன்றத் தேர்தல் நடந்த ஆண்டுகளை எழுதச் சொல்லுங்கள்: 2006, 2011, 2016, 2021. ஐந்தைந்தாகக் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் ஒன்றுகூட 5-ன் மடங்கு இல்லை. எதை வகுத்தாலும் 1 மீதி. தொடங்கிய இடம் 0 ஆகவோ ஒரு மடங்காகவோ இருந்தால்தான் தாவிச் சேரும் இடமும் மடங்கு. அடுத்து கும்பகோணம் மகாமகம் நடந்த ஆண்டுகள்: 1980, 1992, 2004, 2016. இவை பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. 12-ஆல் வகுத்துப் பார்க்கட்டும்: 165, 166, 167, 168. மீதியே இல்லை! இடைவெளியும் 12, ஆண்டும் 12-ன் மடங்கு. 2028-ம் அப்படித்தான், 12 × 169. இது தற்செயலாக அமைந்தது. மகாமகம் வியாழன் (குரு) கோளின் சுற்றை ஒட்டி வருவது; வியாழன் ஒரு சுற்று முடிக்க உண்மையில் ஆகும் காலம் சுமார் 11.86 ஆண்டு, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் இந்தப் பொருத்தம் எல்லாக் காலத்துக்கும் நிற்காது. 2016-ஐ மட்டும் தனியாக எடுத்துக் காட்டுங்கள். இரண்டு பட்டியலிலும் இருக்கிறது; 12-க்கு மடங்கு, 5-க்கு மடங்கு இல்லை.

இனி மீ.சி.ம, அதாவது மீச்சிறு பொது மடங்கு. இதை உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள், அவர் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். களத்துக்கு வரும் வியாபாரி 60 கிலோ மூட்டையாகப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூற்றிக் காயவைத்த நெல் 1,480 கிலோ இருக்கிறது. 1,200 கிலோவுக்கு 30 சிப்பம், மீதி 280-க்கு 7 சிப்பம். 37 சிப்பத்தில் ஒரு மணி மிஞ்சாது. அதையே 60 கிலோவாகப் பிடித்தால் 24 மூட்டைக்கு 1,440 கிலோ போக, 40 கிலோ தரையில் நிற்கும். 1,480 நாற்பதுக்கு மடங்கு, அறுபதுக்கு இல்லை.

அப்படியானால் எந்த எடை இருந்தால் இரண்டு விதமாகப் பிடித்தாலும் மிஞ்சாது? இரண்டு வரிசையை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். மேலே 40, 80, 120, 160, 200, 240. கீழே 60, 120, 180, 240. இரண்டிலும் இருப்பவை 120, 240. வரிசையை நீட்டினால் 360, 480 என்று போகும். இவை பொது மடங்குகள். அவற்றில் சிறியது 120. மூன்று சிப்பம் இரண்டு மூட்டைக்குச் சமம். உங்கள் வீட்டுக்காரர் இந்த மூன்றுக்கு இரண்டை எத்தனையோ அறுவடையில் மனசுக்குள்ளேயே போட்டிருப்பார். மகளிடம் அதை அவரே வாய்விட்டுச் சொல்லட்டும். அப்பாவுக்குத் தெரிந்த கணக்குதான் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

மீ.சி.ம-வில் பிள்ளைகள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். முதலாவது, 40-ஐயும் 60-ஐயும் பெருக்கி 2,400 என்று எழுதுவது. அது பொது மடங்குதான், ஆனால் சிறியது இல்லை. 40 என்பது 20 × 2, 60 என்பது 20 × 3; இரண்டிலும் இருக்கும் 20-ஐ ஒரு தடவை எடுத்தால் போதும், 20 × 2 × 3 = 120. இரண்டாவது, "மீச்சிறு" என்பதைப் பார்த்ததும் ஏதோ சின்ன எண்தான் விடை என்று 20-ஐ எழுதுவது. அது மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மீதமில்லாமல் வகுக்கும் எண்களில் பெரியது. 60 கிலோ மூட்டை ஒன்றாவது நிரம்ப வேண்டுமென்றால் 60 கிலோவுக்குக் குறையாமல் நெல் வேண்டும். ஆகவே மீ.சி.ம ஒருநாளும் இரண்டில் பெரிய எண்ணைவிடக் குறையாது. விடையை எழுதியதும் இதை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கோயிலுக்குப் போகும் வழக்கம் இருந்தால் இன்னொரு மீ.சி.ம நம் ஊரிலேயே இருக்கிறது. ஆலங்குடி குருவும் திருநள்ளாறு சனியும் உங்களுக்குத் தெரியாததில்லை. பஞ்சாங்கத்தில் முழு எண்ணாக வைத்துக்கொண்டால் குரு ராசிக்கு ஓராண்டு, பன்னிரண்டு ராசியைச் சுற்ற 12 ஆண்டு. சனி ராசிக்கு இரண்டரை ஆண்டு, ஒரு சுற்றுக்கு 30 ஆண்டு. இருவரும் சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது சேர்ந்து அதே இடத்துக்கு வருவார்கள்? குருவுக்கு 12, 24, 36, 48, 60; சனிக்கு 30, 60. அறுபதாம் ஆண்டில். குருவுக்கு ஐந்து சுற்று, சனிக்கு இரண்டு. பிரபவ தொடங்கி அட்சய வரை நம் ஆண்டுப் பெயர்களும் அறுபதுதான். பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் பிறந்த ஆண்டின் பெயர் எப்போது திரும்பியது, அல்லது எப்போது திரும்பும் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பழைய அளவைகளில் ஒரு கலத்துக்கு மூன்று தூணி, ஆறு பதக்கு, பன்னிரண்டு மரக்கால். பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நாலாக, ஆறாகப் பங்கு போடலாம். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும்தான் போட முடியும். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விடக் காரணிகள் அதிகம் கொண்ட எண்களைப் பற்றி, கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பு படித்த ராமானுஜன் 1915-ல் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அந்த வரிசையில் 12, 24, 36, 48, 60, 120 எல்லாம் வருகின்றன. உங்கள் மகள் தலைகீழாக எழுதிய "12-ன் காரணிகள்" எவ்வளவு பெரிய விஷயத்தின் வாசல் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் இப்போதே சரிசெய்வது அவசியம். பின்னங்களைக் கூட்டும் பாடத்தில் இது இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. நாலில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்ட 4, 6 இரண்டுக்கும் பொதுவான 12 வேண்டும்: பன்னிரண்டில் மூன்றும் பன்னிரண்டில் இரண்டும் சேர்ந்து பன்னிரண்டில் ஐந்து. அங்கே மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளில் பலருக்குப் பின்னம் புரியாமல் இல்லை, மடங்கில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

ட்யூஷன் இப்போது வேண்டாம். வாய்ப்பாடு இவ்வளவு நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே இன்னும் பத்துத் தடவை எழுதத்தான் கொடுப்பார்கள். சாயங்காலம் கால் மணி நேரம் கயிற்றோடு உட்காருங்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, கேள்வி கேட்டால் போதும். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கியும் தடுமாற்றம் தீரவில்லை என்றால், அவள் வகுப்பு ஆசிரியரிடம் நோட்டைக் கொண்டுபோய் எந்த இடத்தில் மாறுகிறது என்று காட்டிப் பேசுங்கள்.

அவளுக்கு ஒரு கணக்கு தருகிறேன். 1,000 கிலோவுக்கும் 1,500 கிலோவுக்கும் நடுவில், 40 கிலோ சிப்பமாகப் பிடித்தாலும் 60 கிலோ மூட்டையாகப் பிடித்தாலும் மிஞ்சாத எடைகள் எவை? 1,080, 1,200, 1,320, 1,440 என்று நான்கு இருக்கின்றன. மூன்றோடு நிறுத்திவிட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அவள் எழுதிய எண்களை வரிசையாக வைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் கேளுங்கள்.