நோய் ஒரு சிலுவையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மதியம் இரண்டாகிவிடும். மூன்று வருடமாக இப்படித்தான். சபையின் ஜெபக்குழு அக்காக்கள் வீட்டுக்கு வந்து ஜெபிப்பார்கள். போகும்போது தவறாமல், "இது கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த சிலுவை, முறுமுறுக்காம சுமங்க" என்பார்கள். முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. இப்போது ஆலயத்தில் சிலுவையைப் பார்த்தாலே கோபம் வருகிறது. இந்தக் கோபம் பாவமா? சிலுவைக்கு உண்மையில் என்னதான் பொருள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து திரும்பத் திரும்பப் படித்தேன். கோபத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த வாக்கியம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு.

சிலுவை நமக்குக் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிற அளவுக்குப் பழகிவிட்டது. ரோம ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது கழுமரம் மாதிரி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை கி.மு. 71இல் அடக்கியபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகவே 6,000 பேரை அறைந்து நிறுத்தினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்து நடுங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தண்டனை பெற்றவன் குறுக்குக் கட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

"தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்று இயேசு சொன்னபோது கேட்டவர்கள் கண்முன் வந்தது அந்த நடைதான். என் பக்கம் நின்றால் உயிருக்கே ஆபத்து, தெரிந்தே வா என்கிறார். எடுத்துக்கொள்வதில் எடுப்பவனின் தீர்மானம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானதில் உங்கள் கணவர் எதைத் தீர்மானித்தார்?

சுவிசேஷங்களைப் புரட்டிப் பாருங்கள். குஷ்டரோகி வருகிறான். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஸ்திரீ வருகிறாள். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவனை அவரே தேடிப் போய்ப் பேசுகிறார். இவர்களில் ஒருவரிடமாவது "இது உன் சிலுவை" என்றாரா? குணமாக்கினார். மத்தேயு இப்படிப்பட்ட குணமாக்குதல்களைச் சொல்லிவிட்டு ஏசாயா 53ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறார்: "அவர் தாமே நம்முடைய பெலவீனங்களை ஏற்றுக்கொண்டு, நம்முடைய நோய்களைச் சுமந்தார்." சுமந்தார் என்றுதான் இருக்கிறது, சுமத்தினார் என்று இல்லை.

அப்போஸ்தலன் பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள், உடம்பில் தீராத ஒரு வேதனை, இருந்ததே என்று யாராவது உங்களிடம் கேட்கலாம். இருந்தது. அதை அவர் 'சாத்தானுடைய தூதன்' என்றார். நீங்கும்படி மூன்று தரம் கெஞ்சினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் அவரே காத்திருந்து கேட்டது. வாசல்படியில் நின்று இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை இல்லை அது.

நம் பாவங்களுக்காக அவர் மரித்தார் என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம், நானும் அதை விசுவாசிக்கிறேன். ஆனால் அவர் எந்த இடத்தில் மரித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். ஊர் காறித் துப்பி ஒதுக்கியவர்கள் தொங்கிய இடத்தில். 'வலி நல்லது' என்று சொல்வதற்காக அவர் அங்கே போகவில்லை. அங்கே கிடக்கிறவர்கள் தனியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காகப் போனார். சிலுவையின் பொருள் என்று நான் பற்றிக்கொண்டிருப்பது இதைத்தான்.

ஐசன்ஹைம் என்ற ஊரில் அந்தோணியார் சபைத் துறவிகளின் மடத்துக்காக கிரூனவால்ட் என்ற ஓவியர் 1512க்கும் 1516க்கும் இடையில் ஒரு பீட ஓவியம் வரைந்தார். இப்போது பிரான்சின் கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அந்த மடம் 'அந்தோணியார் நெருப்பு' என்ற நோய் வந்தவர்களைப் பராமரித்த இடம். கம்பு போன்ற 'ரை' தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையால் வருவது. கைகால் நெருப்பாய் எரியும், விரல்கள் கறுத்து விழும். கிரூனவால்ட் வரைந்த இயேசுவின் உடம்பெங்கும் புண். தோலில் பச்சை ஏறியிருக்கிறது. பாதம் வீங்கியிருக்கிறது. ஆணி அடித்த கையில் விரல்கள் விறைத்து விரிந்து நிற்கின்றன. அந்த நோயாளி நிமிர்ந்து பார்த்தால் தெரிவது தன் உடம்பு. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு சிலுவையைப் பற்றிய என் பேச்சே மாறிவிட்டது.

சரி, உங்கள் கோபம். இயேசு சிலுவையில் சொன்னதாக பெரிய வெள்ளியன்று நாம் தியானிக்கும் ஏழு வார்த்தைகளில் நான்காவது எது? "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அடுத்த வரிகளையும் வாசியுங்கள்: "நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர்." முறுமுறுக்காமல் சுமந்தவர் பேச்சா இது? அதற்கு முந்தின இரவு தோட்டத்தில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றும் வேண்டினார். உங்கள் கோபத்தை ஆலயத்துக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டுப் போக வேண்டாம். உள்ளே கொண்டுபோங்கள். அந்தச் சிலுவைக்கு முன்னால் அப்படியே சொல்லுங்கள்.

இன்னொன்று. இயேசுவின் சிலுவையையே கடைசிவரை அவர் தனியாகச் சுமக்கவில்லை. சிரேனே ஊர் சீமோன், வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவன், அவனைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். கத்தோலிக்க ஆலயச் சுவர்களில் சிலுவைப் பாதையைக் காட்டும் பதினான்கு நிலைகள் இருக்குமே, அதில் ஐந்தாவது அவனுடையது.

என் அப்பா பக்கவாதத்தில் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நானும் அம்மாவும் மட்டும். பக்கத்து வீட்டு அக்கா தினமும் நாலு மணிக்கு வருவார். வசனம் எதுவும் சொல்லமாட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தம்பி, நீ தோளப் பிடி, நான் இடுப்பப் பிடிக்கேன்" என்பார். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணை வெந்நீரில் துடைத்து மருந்து போடுவார். அந்த அரைமணி நேரம் அம்மா கொல்லையில் போய்க் குளித்துவிட்டு வருவாள்.

அந்த ஜெபக்குழு அக்காக்களிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த முறை வந்து அந்த வார்த்தையைச் சொன்னால், "செவ்வாயோ வெள்ளியோ, ஒரு நாள் ஆஸ்பத்திரியில நீங்க அவர்கூட இருக்கீங்களாக்கா, நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்" என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அன்புடன்.