முழங்கால் போனால் கணக்கில் என்ன ஆகும்? கேள்வி பதில்

காட்பாடியில் ஆடிட்டராக இருக்கிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளின் கணக்கு என் தொழில். இங்கிலாந்து, ஸ்பெயின் கால்பந்துக் கிளப்புகளின் ஆண்டறிக்கைகளை ஆசைக்காகப் படிக்கிறேன். அணி சேர்ப்பு, காயம், செலவு விதி பற்றி நம் வேலூர் வட்டார ரசிகர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

அக்கா, முதலாளியிடம் பணம் இருக்கிறது, செலவு செய்கிறார். லீக் ஏன் குறுக்கே வருகிறது? (கல்லூரி மாணவர், சத்துவாச்சாரி)

முதலாளி ஒருநாள் கிளம்பிப் போய்விடுவார் தம்பி. ஊர் போக முடியாது. 2010ல் போர்ட்ஸ்மவுத் கிளப், இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே திவாலானது, 9 பாயிண்ட் போனது. 2019ல் பரி என்ற நூறாண்டு கடந்த கிளப்பை லீக்கை விட்டே நீக்கினார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குச் சனிக்கிழமை மதியம் போக மைதானமே இல்லாமல் ஆயிற்று.

அதனால் பிரீமியர் லீக் ஒரு வரம்பு வைத்தது, 2025–26 வரைக்கும் அதுதான் விதி. 3 ஆண்டுகளில் மொத்த நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது. அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்டதை முதலாளி தன் கைப்பணமாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும், கடனாக அல்ல. அகாடமி (இளையோர் பயிற்சி), பெண்கள் அணி, மைதானக் கட்டுமானம் ஆகியவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது. எவர்டன் கிளப் அந்த வரம்பை 1.95 கோடி தாண்டியது. 2023 நவம்பரில் 10 பாயிண்ட் கழித்தார்கள், மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக்கு இன்னொரு 2. ஒரே சீசனில் 8 பாயிண்ட்!

மேடம், 6 கோடி பவுண்டுக்கு ஒருத்தரை வாங்கினால் அந்த வருஷமே 6 கோடி செலவுதானே? அப்புறம் எப்படி வருஷா வருஷம் வாங்குகிறார்கள்? (காலணி ஆலை சூப்பர்வைசர், ஆம்பூர்)

உங்கள் ஆலையில் புதிதாக ஒரு தையல் மெஷின் இறக்கினால் அதன் விலை முழுவதையும் ஒரே வருடச் செலவாக நான் எழுதுவதில்லை, தேய்மானமாகப் பிரித்துத்தான் எழுதுகிறேன். ஆட்டக்காரர் கணக்கும் அப்படித்தான் பாய். 6 கோடி, 5 வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 1.2 கோடி. சம்பளம் தனி.

3 வருடம் கழித்துப் புத்தகத்தில் மிச்சம் 2.4 கோடி. அப்போது 2 கோடிக்கு விற்றால் 40 லட்சம் நஷ்டம், 3 கோடிக்கு விற்றால் 60 லட்சம் லாபம். செல்சி கிளப் இதை நீட்டிப் பார்த்தது. 2023 ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடிக்கு வாங்கி எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது. வருடச் சுமை சுமார் 1.26 கோடிதான். 5 வருடமாக இருந்தால் 2.14 கோடி வந்திருக்கும். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அந்த ஆண்டு ஜூலையிலும் பிரீமியர் லீக் டிசம்பரிலும், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் விலையை 5 வருடத்துக்குமேல் பிரிக்கக் கூடாது என்று அடைத்துவிட்டன. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களைத் தொடவில்லை.

இதில் என்னைக் கவலைப்பட வைப்பது காயம். இரண்டாவது வருடம் அவர் முழங்கால் போய்விட்டால் அந்த 1.2 கோடி நிற்காது, சம்பளமும் நிற்காது. அவர் இடத்துக்கு இன்னொருவரை எடுத்தால் அவருடைய தேய்மானமும் சம்பளமும் மேலே ஏறும். களத்தில் ஒரு இடம், கணக்கில் இரண்டு பேர். இனி ஆடவே முடியாது என்று ஆகிவிட்டாலோ மிச்சத் தொகை முழுவதையும் அந்த வருடமே எழுதித் தள்ள வேண்டும்.

காயம் யார் கையிலும் இல்லையே. விதியில் அதற்குச் சலுகை கிடையாதா? (குடியாத்தம்)

இங்கிலாந்தில் கிடையாது. காயம் தொழிலோடு வருவது, அதற்கும் சேர்த்துத் திட்டமிடுவது கிளப்பின் பொறுப்பு என்பது அங்கே பார்வை.

ஸ்பெயினில் உண்டு. அங்கே சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கிளப்புக்கும் அணிச் செலவு வரம்பை அந்நாட்டு லீக்கான லா லிகா எழுதிக் கொடுத்துவிடும். வரம்புக்குள் அடங்காதவரின் பெயரைப் பதிவு செய்யவே விடமாட்டார்கள். 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி அழுதுகொண்டே பார்சிலோனாவை விட்டுப் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஆனால் ஒருவர் நீண்டகாலக் காயத்தில் படுத்துவிட்டால், அதாவது 4 மாதத்துக்கு மேல் ஆட முடியாது என்று லீக்கின் மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால், அவர் சம்பளத்தில் 80% வரை இன்னொருவரைப் பதிவு செய்யப் பயன்படுத்தலாம்.

2024 ஆகஸ்டில் டானி ஓல்மோ பார்சிலோனாவுக்கு வந்து, பதிவு ஆகாமல் முதல் ஆட்டங்களில் உட்கார்ந்திருந்தார். அதே அணியின் கிறிஸ்டென்சனுக்குக் குதிகால் தசைநாணில் காயம், அந்த இடத்தில் ஓல்மோவைப் பதிந்தார்கள். அன்றே இறங்கி வெற்றி கோலும் அடித்தார். அனுமதி டிசம்பர் 31 வரைதான் என்பதால் புத்தாண்டில் மறுபடி சிக்கல். கடைசியில் அரசின் விளையாட்டுக் கவுன்சில் இடைக்கால அனுமதி தந்து காப்பாற்றியது.

2025ல் நடந்ததுதான் என் மனதை உறுத்துகிறது. கோல்கீப்பர் டெர் ஸ்டெகனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று அவரே அறிவித்தார். கிளப்புக்கோ நாலு மாதத்துக்கு மேல் என்றால்தான் புது கோல்கீப்பர் ஜோன் கார்சியாவைப் பதிய வசதி. மருத்துவ அறிக்கையை லீக்குக்கு அனுப்ப அவர் கையெழுத்து வேண்டும், அவர் போடவில்லை. கேப்டன் பொறுப்பைப் பறித்தார்கள். மறுநாள் கையெழுத்துப் போட்டார், பொறுப்பு திரும்பி வந்தது. ஒரு மனிதனின் முதுகு எத்தனை நாளில் ஆறும் என்பது பதிவுப் படிவத்தைப் பொறுத்ததாக ஆகக் கூடாது. சலுகை நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். ஆனாலும் கிளப்பின் தேவையும் நோயாளியின் தேவையும் எதிரெதிரே நிற்கும்படி செய்துவிட்டது.

பிசியோதெரபி படிக்கிறேன் அக்கா. முழங்கால் அறுவைக்குப் பிறகு 9 மாதம் ஓய்வு என்று நாங்கள் படிக்கிறோம், 6 மாதத்தில் இறக்கிவிடுகிறார்களே? (பாகாயம்)

மருத்துவம் என்னைவிட உனக்குத் தெரியும். ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் அறுவைக்குப் பிறகு 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று 2016ல் வந்த டெலவர்–ஆஸ்லோ ஆய்வு சொன்னது. 6வது மாதம் இறக்கினால் கிளப்புக்கு மூன்று மாதச் சம்பளம் வீணாகாததுபோல் தெரியும். அதே முழங்கால் மறுபடி போனால் இன்னொரு வருடத் தேய்மானமும் சம்பளமும் போகும், விற்கும் விலையும் விழும். இந்த இரண்டாவது தொகையை அவசரத்தில் யாரும் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. பெரிய கிளப்பில் டாக்டரும் கணக்கரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் தொடைக் காயத்தைத் தாண்டி 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்கித் தங்கம் வென்றார், பெருமைதான். ஆனால் அது அவரே எடுத்த முடிவு. 19 வயதுப் பையனுக்கு முடியாது என்று சொல்லும் தைரியம் இருக்காது, அவனுக்காக நீதான் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தபடி 1966ல் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸின் பாகாயத்தில் படிக்கிறாய், உனக்கு இதை நான் நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

நாட்டு அணிக்கு ஆடும்போது அடிபட்டால்? (வாலாஜா)

சம்பளத்துக்கு உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா பணம் தருகிறது. 28 நாளுக்கு மேல் ஆட முடியாவிட்டால் அதிகபட்சம் 75 லட்சம் யூரோ வரை. மாற்று ஆளை வாங்கும் செலவு கிளப்பின் தலையில்.

அப்படியானால் எத்தனை பேரை வைத்துக்கொண்டால் பத்திரம்? (பள்ளி பி.டி. மாஸ்டர், ஆற்காடு)

தலைக்கணக்கில் பதில் இல்லை சார். பிரீமியர் லீக் பட்டியலில் 25 பேர்தான், 21 வயதுக்கு உட்பட்டவர்கள் அதில் சேர மாட்டார்கள். விதி விட்டிருக்கும் இந்த வாசலைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டு உதாரணம். 2020 அக்டோபரில் லிவர்பூலின் வான் டைக்குக்கு முழங்கால் போனது. நவம்பரில் கோமெஸ், ஜனவரியில் மாட்டிப். மூன்று மைய டிஃபெண்டர்களும் அவுட். கொரோனாவில் டிக்கெட் வருமானம் நின்றிருந்த நேரம், ஜனவரியில் கபாக்கை லோனிலும் பென் டேவிஸைக் குறைந்த விலையிலும்தான் எடுக்க முடிந்தது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு தோல்வி. கடைசியில் தூக்கி நிறுத்தியவர்கள் நாட் பிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ். அதுவரை யாரும் பெரிதாக எண்ணாத இரண்டு பேர், அணியை மூன்றாம் இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரிக்கு ஏசிஎல். அந்தக் கோடையில் அல்வாரெஸை நல்ல விலைக்கு விற்றிருந்ததால் கையில் இடம் இருந்தது. ஜனவரியில் நிக்கோ கொன்சாலஸை சுமார் 5 கோடிக்கு வாங்கியது, வேறு மூன்று பேரையும் சேர்த்தது. அப்படியும் மூன்றாம் இடம்தான். பணத்தால் ஆளை வாங்கலாம், ரோட்ரியை வாங்க முடியவில்லை.

என் கருத்து இதுதான்: கோடையில் வரம்பின் விளிம்புவரை செலவழிக்கும் கிளப், யாருக்கும் அடிபடாது என்று பந்தயம் கட்டுகிறது. ஒருவர் குறைவாக வாங்கி, ஜனவரிக்கு இடம் விட்டு, பெஞ்சில் இரண்டு அகாடமிப் பையன்களை உட்கார வைக்கும் கிளப்பைத்தான் நான் மதிப்பேன்.

அகாடமி பையன்களைத்தானே முதலில் விற்கிறார்கள்? வயிறு எரிகிறது அக்கா. (நியூகாசில் ரசிகர், திருப்பத்தூர்)

எனக்கும் எரிகிறது. காரணம் கணக்குதான். சொந்தமாக வளர்த்தவரின் புத்தக மதிப்பு பூஜ்யம். 3.5 கோடிக்கு விற்றால் 3.5 கோடியும் அந்த வருட லாபம். எலியட் ஆண்டர்சன் எட்டு வயதில் நியூகாசிலுக்கு வந்தவர். 2024 ஜூன் 30, கணக்கு முடிக்கும் நாளில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு விற்றார்கள். இன்று இங்கிலாந்து அணியில் ஆடுகிறார். அதே ஜூனில் செல்சி, ஆஸ்டன் வில்லா, எவர்டன் என்று பல கிளப்புகள் இளைஞர்களை ஒன்றுக்கொன்று கைமாற்றின.

மறுபக்கமும் பாருங்கள். முந்தைய ஆண்டு ஃபாரஸ்ட் தன் பையன் பிரென்னன் ஜான்சனை ஜூன் முடிவதற்குள் அவசரமாக விற்காமல், செப்டம்பர் 1 அன்று 4.75 கோடிக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றது. நல்ல விலை, ஆனால் தேதி தாண்டிவிட்டது. 6.1 கோடி வரம்பை 3.45 கோடி மீறியதாக 4 பாயிண்ட் கழித்தார்கள். பொறுமையாக நல்ல விலை வாங்கியவனுக்குத் தண்டனை, பதறி விற்றவனுக்கு நிம்மதி. காயம் வந்தால் கைகொடுப்பவன் ஊர்ப் பையன். அவனை விற்கச் சொல்லித் தூண்டும் விதி எத்தனை நல்ல நோக்கத்தோடு வந்திருந்தாலும் திருத்தப்பட வேண்டியதே. ஐந்து வருடமாவது அகாடமியில் இருந்தவரை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும், இந்த ஜூன் மாதச் சந்தை அடங்கிவிடும்.

புது விதி வருகிறதாமே? (வி.ஐ.டி. மாணவி)

2025 நவம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தன. 2026–27 முதல் நஷ்ட வரம்புக்குப் பதில் விகிதம். சம்பளம், தேய்மானம், ஏஜெண்ட் கூலி எல்லாம் சேர்ந்து கால்பந்து வருமானத்திலும் ஆட்டக்காரர் விற்பனை லாபத்திலும் 85%க்குள் இருக்க வேண்டும். ஐரோப்பியப் போட்டியில் ஆடுபவர்களுக்கு அங்கே 70%. இரண்டிலும் ஆடும் கிளப்புகள் இரண்டு கணக்கு போட வேண்டியிருக்கும். காயத்துக்குத் தனிச் சலுகை இதிலும் இல்லை.

நம் சென்னையின் எஃப்.சி.க்கு இந்த விதியெல்லாம் உண்டா? (ராணிப்பேட்டை)

ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் நம் பிரச்சினை வேறு. இங்கே வருமானமே நிலையாக இல்லை. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது, அதைப் புதுப்பிப்பது இழுத்தடித்தது. அந்த ஆகஸ்டில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது. 2015லும் 2018லும் கோப்பை தூக்கிய சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. சம்பளம் வராத மாதத்தில் முழங்கால் போன ஆட்டக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். நமக்கு முதலில் தேவை, லீக் எந்தத் தேதியில் தொடங்கும் என்ற உறுதி.

எங்கள் டீமுக்கு ஸ்பான்சர் 60 ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். வெளியூர் ஆட்டக்காரர் இரண்டு பேரை மேட்ச் காசு கொடுத்துக் கூட்டி வரலாம் என்கிறார்கள் பையன்கள். சரியா? (டீம் மேனேஜர், மேல்விஷாரம்)

20 ஆயிரத்தை முதலில் எடுத்துத் தனியாக வையுங்கள் அண்ணா. ஐஸ், டேப், எக்ஸ்ரே, ஆட்டோ கூலி, அடிபட்ட பையன் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஏதோ கொஞ்சம். ஒரு நோட்டில் யாருக்கு, எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதினால் அடுத்த வருடம் ஸ்பான்சரிடம் நிமிர்ந்து கேட்கலாம். ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம்-அப் 20 நிமிடம், காசு கிடையாது, முறையாகச் செய்தால் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். மே மாதம் ஆட்டம் என்றால் காலை 6 மணிக்கே வைத்துவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு 10 மணி தாண்டினால் தசை பிடித்துக்கொள்ளும்.

மீதி 40 ஆயிரத்தில் ஜெர்சி, நுழைவுக் கட்டணம் போக இருக்கிற காசுக்கு ஒருவரை மட்டும் கூட்டி வாருங்கள். கோல்கீப்பராகப் பாருங்கள், மற்ற இடங்களுக்கு உங்கள் பையன்களே போதும்.