தொடர்கதையை எந்தத் தளத்தில் போடுவது?

கேள்வி: புனைபெயரில் எழுதுகிறேன். சில சிறுகதைகளும் பாதி எழுதிய ஒரு தொடர்கதையும் கையில் இருக்கின்றன. இலவசமாகப் படிக்கும் செயலியில் போடுவதா, சொந்த வலைப்பூ தொடங்குவதா, அமேசானின் கிண்டிலில் மின்புத்தகமாக விற்பதா என்று குழப்பம். ஒரு செயலி 'பிரத்யேக எழுத்தாளர்' ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பதிப்புரிமையைப் பதிவு செய்யாமல் இணையத்தில் போட்டால் திருடிவிடுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலை, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். திரையில் வரும் 'சம்மதம்' பொத்தானையும் தொடாதீர்கள், அதுவும் கையெழுத்துதான். கதை இன்னும் பாதியில் நிற்கிறது. அது நாவலாகுமா, ஒலிப்புத்தகமாகுமா, இரண்டாம் பாகம் வருமா என்பது உங்களுக்கே தெரியாது. அதற்குள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக் கொடுக்க என்ன அவசரம்?

திருட்டு பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையதாகிவிடுகிறது. 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தின் அடிப்படையே அதுதான்: பதிவு செய்தால்தான் உரிமை என்ற நிபந்தனை கிடையாது. பதிவு என்பது நாளை தகராறு வந்தால் காட்ட ஒரு சான்று, அவ்வளவுதான். ஆனால் இந்த பயத்தை வைத்தே பிழைப்பு நடத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். 'ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறோம், உங்கள் கதைக்குப் பாதுகாப்பு' என்பார்கள். ஐஎஸ்பிஎன் புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண். உரிமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னொரு கூட்டம், தொகுப்பு நூலில் உங்கள் கதையும் வருகிறது என்று சொல்லிப் பங்களிப்புத் தொகை வாங்கிக்கொண்டு ஒரு சான்றிதழை நீட்டும். அந்தப் புத்தகத்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதில் எழுதியவர்களே. உங்கள் கதையை வெளியிட உங்களிடமே பணம் கேட்பவரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

சரி, தளங்கள். கதை படிக்கும் செயலிகளில் வாட்பேட் 2006 முதலும் பிரதிலிபி 2014 முதலும் இருக்கின்றன. இந்த மாதிரி இடங்களில் வாசகர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அத்தியாயம் போட்டால் கருத்து வரும், 'அடுத்தது எப்போ?' என்று கேட்பார்கள். தொடருக்கு அந்த உந்துதல் தேவை. பிளாகர், வேர்ட்பிரஸ் போன்றவற்றில் சொந்த வலைப்பூ என்றால் வீடு உங்களுடையது, ஆனால் ஆள் கூட்டி வருவதும் உங்கள் பாடு.

எதில் சேர்ந்தாலும், சேருவதற்கு முன் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து 'எக்ஸ்க்ளூசிவ்', அதாவது பிரத்யேகம், என்று தேடிப் பாருங்கள். 'நான்-எக்ஸ்க்ளூசிவ்' என்று இருந்தால், அதே கதையை வேறெங்கும் போடும் உரிமை உங்களிடமே இருக்கிறது, பரவாயில்லை. 'இர்ரிவோக்கபிள்', 'பெர்பெச்சுவல்' என்ற சொற்கள் வந்தால் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. 'டெரிவேட்டிவ் ஒர்க்ஸ்' என்றால் மொழிபெயர்ப்பு, ஒலிவடிவம், படம் எல்லாம் அதில் அடங்கிவிடலாம். தமிழில் எழுதுங்கள் என்று வாய் நிறையக் கூப்பிடுகிற தளங்களில் பலவும் விதிமுறையை மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் வக்கீல் ஆங்கிலத்தில் வைத்திருக்கின்றன. கேட்டால் பதில் வராது. வந்தால் அதே பக்கத்தின் இணைப்பு வரும்.

பிரத்யேகம் என்றாலே ஆபத்தா என்றால், இல்லை. கிண்டிலின் 'கேடிபி செலக்ட்' திட்டம் ஒரு விதிவிலக்கு. அதில் சேர்வது கட்டாயமில்லை. சேராமலேயே கிண்டிலில் விற்கலாம். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்பதிப்பு அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. கெடு தெரியும், பிறகு வெளியே வரலாம் என்பதால் இதை நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுக்காவிட்டால் அடுத்த 90 நாளும் ஓடத் தொடங்கிவிடும். இரண்டு, வலைப்பூவில் அதே கதை இலவசமாகக் கிடந்தாலும் மீறல்தான். மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியில் வைக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஆகவே தொடரைச் செயலியில் முழுதாக ஓட்டிவிட்டு இதில் சேர நினைத்தால், முதலில் அங்கிருந்து நீக்க வேண்டும். நீக்க விடுவார்களா என்பதும் பழைய ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

சிறுகதைகளை இப்போதைக்கு எங்கும் போடாதீர்கள். பல இதழ்களும் போட்டிகளும் 'எங்கும் வெளிவராத படைப்பு' கேட்கின்றன. உங்கள் முகநூல் பக்கத்தில் போட்டதையும் வெளிவந்ததாகவே கணக்கெடுப்பார்கள். அவற்றை இதழ்களுக்கு அனுப்புங்கள். தொடரைச் செயலியில் எழுதுங்கள்.

அப்புறம், மூலப்பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும், யூனிகோடில். நேரே செயலியிலேயே தட்டச்சு செய்யாதீர்கள். பெரிய நிறுவனம், மூடமாட்டார்கள் என்பதெல்லாம் சும்மா. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-ல் போனது. தொடர்கதைகளுக்கென்றே அமேசான் 2021-ல் தொடங்கிய கிண்டில் வெல்லா 2025-ல் மூடப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் யாராவது கதையைச் சுட்டு யூடியூபில் வாசித்துப் போடலாம். புகார் படிவத்தில் ஒவ்வொரு காணொளியின் இணைப்பையும் கொடுக்க வேண்டும், உங்கள் சட்டப்பூர்வமான பெயரையும் கொடுக்க வேண்டும். புகாரில் உள்ள விவரம் எதிராளிக்கும் போகலாம். புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். திருடியவர் 'இது என்னுடையது' என்று எதிர்மறுப்பு அனுப்பினால், சில வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குப் போட்ட ஆதாரத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் காணொளி திரும்பி வந்துவிடும். எழுதியவர் நீதிமன்றம் போகவேண்டும், எடுத்தவருக்கு ஒரு படிவம் போதும். என்ன ஏற்பாடோ!

உங்களுக்கு ஒப்பந்தம் அனுப்பிய செயலிக்கு இப்படிப் பதில் எழுதுங்கள்: இந்த ஒரு தொடர் மட்டும், எழுத்து வடிவம் மட்டும், பிரத்யேகம் இல்லாமல், இத்தனை மாதத்துக்கு என்ற கெடுவோடு தருகிறேன். ஒத்துக்கொண்டால், கையெழுத்திடும் முன் திருத்திய பிரதியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.