நம்பர் பிளேட்டுக்காக வண்டியைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். 2017-ல் பதிவான ஒரு பைக்கைப் போன வருடம் தெரிந்தவரிடம் வாங்கினேன். ஆர்சி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம்பர் பிளேட்டில் எண்களைக் கொஞ்சம் ஸ்டைலாக வளைத்து எழுதி, கீழே மகள் பெயரையும் போட்டிருந்தேன். வாகனச் சோதனையில் நிறுத்தி 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். சாவியை உருவிக்கொண்டு, "வண்டியை ஸ்டேஷன்ல போட்டுடுவேன்" என்றும் மிரட்டினார்கள். ஒரு மாதம் கழித்து அதே பிளேட்டுக்கு 1,500 ரூபாய் சலான். அது பழைய ஓனர் போனுக்குப் போக, அவர் என்னைத் திட்டுகிறார். ஒரே தப்புக்கு இரண்டு அபராதமா? பிளேட்டுக்காக வண்டியைப் பிடிக்க முடியுமா?

பதில்: பிளேட் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக வண்டியைப் பிடித்து வைக்க முடியாது. பிளேட் எப்படி இருக்க வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 50, 51-வது விதிகள் சொல்கின்றன. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவுப்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம். அவ்வளவுதான், சிறைத் தண்டனை கிடையாது. வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 207-வது பிரிவில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது நிரம்பாதவர் ஓட்டுவது, பதிவே செய்யாத வண்டி, பர்மிட் இல்லாத வண்டி போன்றவற்றுக்குத்தான் அது. ரோட்டில் நிற்கும்போது இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசிவிடுகிறார்கள், நாமும் பயந்துவிடுகிறோம்.

சாவியை உருவலாம் என்று இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் அங்கேயே நின்று சாவிக்காகக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பணி செய்யவிடாமல் தடுத்ததாக உங்கள் மேலேயே வழக்கு திரும்பிவிடும். எந்தப் பிரிவில் எடுக்கிறீர்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். சட்டையில் இருக்கும் பெயர், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் போனில் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் செயலியில் காட்டலாம், அதே மத்திய விதிகளின் 139-வது விதி அதை ஏற்கிறது.

பிளேட் விஷயத்தில் தப்பு உங்களுடையதுதான். பைக்கின் பின்பக்கம் எழுத்துகள் 35 மில்லிமீட்டர் உயரம், எண்கள் 40 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிமன் 7, இடைவெளி 5 இருக்க வேண்டும். முன்பக்கம் உயரம் 30, தடிமனும் இடைவெளியும் 5. சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. எழுத்து ஆங்கிலத்திலும், எண்கள் நாம் அன்றாடம் எழுதும் 1, 2, 3 வடிவத்திலும்தான் இருக்க வேண்டும். தமிழ் எண்களில் போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு. தமிழ்ப் பற்றைப் பெட்ரோல் டேங்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். மகள் பெயரையும் அங்கேயே எழுதலாம், பிளேட்டில் பதிவு எண்ணைத் தவிர எதுவும் வேண்டாம். 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 'பிரஸ்', 'போலீஸ்' ஸ்டிக்கர்களுக்கும் நடவடிக்கை அறிவித்தது. பெரிய பதவிக்காரர்களின் ஸ்டிக்கருக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுச் செல்லங்களின் பெயர் எம்மாத்திரம்?

காவல்துறை பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. செயின் பறிப்போ, மோதிவிட்டு ஓடுவதோ நடந்தால் கேமராவில் பதியும் எண்தான் முதல் துப்பு. வளைந்த எழுத்தை மனிதக் கண்ணே இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது, எண்ணைப் படிக்கும் கேமரா என்ன செய்யும்?

அடுத்து இரண்டாவது சலான். முதல் அபராதம் கட்டியதோடு அந்த பிளேட் சரியானதாகிவிடாது. ஒரு மாதம் கழித்தும் அதையே மாட்டிக்கொண்டு ஓட்டினால் அது புது மீறல், அதனால்தான் 1,500. ஒரே நாளில் இரண்டு இடத்தில் போட்டிருந்தால் வாதாட இடமுண்டு. சலானில் இருக்கும் போட்டோவைப் பாருங்கள். தேதி, எண், வண்டி மூன்றும் உங்களுடையதுதானா? இல்லையென்றால் கட்டாதீர்கள். சலானுக்குக் கட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி, வழக்கு நடத்தாமல் முடித்துக்கொள்ளும் சமரசத் தொகை, அதை மறுத்து மாஜிஸ்திரேட் முன்னால் வழக்கை நடத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது. போட்டோ சரியென்றால் கட்டிவிடுங்கள். 1,500-க்காக நீதிமன்றம் போய் இரண்டு நாள் வேலையை இழக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் கவலைப்படுவது ஆர்சியைப் பற்றி. பிளேட்டில் சந்தேகம் வந்து, ஆர்சியில் வேறொருவர் பெயரும் இருந்தால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவில் வண்டியைக் கைப்பற்றலாம். பிளேட்டை மட்டும் வைத்துச் செய்ய முடியாததை இந்த வழியில் செய்ய முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் இருவரும் செய்யவில்லை. பழைய ஓனர் திட்டுவதில் பாதி நியாயம். ஆனால் அவரும் சும்மா இருந்தவர்தானே! விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லுங்கள், பெயர் மாற்றத்துக்கான 29, 30-வது படிவங்களில் கையெழுத்துப் போட அவரே ஓடி வருவார். தாமதக் கட்டணம் உண்டு. நிலுவை சலான்களை முதலில் முடித்துவிட்டுப் போங்கள்.

பிளேட்டை நாளைக்கே மாற்றுங்கள். ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரரிடம் 'ஸ்டைல் வேண்டாம், ஆர்டிஓ சைஸ்' என்றால் போதும். உங்கள் பைக் 2017-ல் வந்தது. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டி என்றால் கம்பெனியே தரும் உயர் பாதுகாப்பு பிளேட்டைக் கழற்றவே கூடாது.

அப்புறம், இன்சூரன்ஸும் பழைய பெயரில்தான் இருக்கும். அதை மாற்றவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு 14 நாள்தான் தருகிறது. மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே உங்களுக்கு மாறிவிடும். ஆனால் வண்டி திருடுபோனால் உங்கள் கிளெய்மை மறுக்க கம்பெனிக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். ஆர்சி மாறிய அதே வாரம் பாலிசியையும் மாற்றுங்கள்.