டைட்டில் ஒன் பணமும் பள்ளிக்கூடக் கணக்கும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பில், ஃபெடரல் கிராண்ட் (மத்திய அரசு மானியம்) பார்க்கும் அறையில் 2009 முதல் உட்கார்ந்திருக்கிறேன். வாஷிங்டனில் சட்டம் மாறினால் அந்த மாற்றம் முதலில் வந்து விழுவது என் மாதிரி ஆட்களின் எக்செல் ஷீட்டில்தான். வகுப்பறைக்கு அது போய்ச் சேர ஒரு வருடமாவது ஆகும். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சியின் எடிசன் நகர், ஒரு அம்மா): வணக்கம் அக்கா. கல்வித் துறையையே மூடப் போகிறார்கள் என்கிறார்களே, பையன் நாலாம் வகுப்பு. அவன் பள்ளிக்கு வரும் பணம் நின்றுவிடுமா?

துறை வேறு, சட்டம் வேறு. பள்ளிகளுக்குப் பணம் தரும் சட்டம் 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டது. அதன் முதல் பகுதிதான் டைட்டில் ஒன், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான பணம். கல்விக்கென்று தனித் துறை 1980-இல்தான் வேலையைத் தொடங்கியது. நடுவில் பதினைந்து வருடம் அந்தப் பணம் வேறொரு துறை வழியாக வந்துகொண்டுதான் இருந்தது. 2025 மார்ச்சில் ட்ரம்ப் துறையை மூடும் ஆணையில் கையெழுத்திட்டார், நவம்பரில் டைட்டில் ஒன் நிர்வாகத்தைத் தொழிலாளர் துறைக்கு மாற்றும் ஒப்பந்தம் வந்தது. துறையை முழுதாக ஒழிக்க, இங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட வேண்டும்.

இன்னொன்று, சாதாரண வருடத்தில் பள்ளிச் செலவில் ஃபெடரல் பங்கு பத்தில் ஒன்று, சில சமயம் அதற்கும் கீழே. மீதியெல்லாம் நீங்கள் கட்டும் சொத்து வரியும் மாநிலப் பணமும்தான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. வசதியான ஊரில் அது போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள ஊரில் வாசிப்பு சொல்லித்தரும் டீச்சரே இருக்க மாட்டார்.

கேள்வி (டாலஸ், ஒரு அப்பா): நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சட்டம் போய் எவ்ரி ஸ்டூடண்ட் சக்ஸீட்ஸ் ஆக்ட் (ஈஎஸ்எஸ்ஏ) வந்தது என்று படித்திருக்கிறேன். பெயர் மாறியது சரி, பள்ளிக்குள்ளே உண்மையில் என்ன மாறியது மேடம்?

இரண்டுமே அந்த 1965 சட்டத்தின் புதுப்பிப்புகள். 2002 ஜனவரியில் புஷ் கையெழுத்திட்ட நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சொன்னது இது: 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும், நூற்றுக்கு நூறு பேர், வாசிப்பிலும் கணக்கிலும் தேற வேண்டும். ஒவ்வொரு வருடமும் இலக்கு ஏறிக்கொண்டே போகும். தவறினால் படிப்படியாகத் தண்டனை. இரண்டாவது மூன்றாவது முறை தவறிய பள்ளி இருந்தால், டிஸ்ட்ரிக்ட் தன் டைட்டில் ஒன் ஒதுக்கீட்டில் 20 சதவீதம் வரை எடுத்து, பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பும் பஸ் செலவுக்கும் வெளி டியூஷனுக்கும் வைக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் பெற்றோர் கூட்டம் நடந்தால், கேஃபடீரியா வாசலில் டியூஷன் கம்பெனிக்காரர்கள் வரிசையாக மேசை போட்டு, பேனாவும் பையும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். திருவிழாக் கடை மாதிரி இருக்கும். அந்தப் பணத்தில் எவ்வளவு படிப்பாக மாறியது என்று கேட்டால் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

2012 முதல் பல மாநிலங்கள் விலக்கு வாங்கின. 2015 டிசம்பர் 10-இல் ஒபாமா கையெழுத்திட்ட ஈஎஸ்எஸ்ஏ அந்த வருடாந்தர இலக்கையே எடுத்துவிட்டது. தேர்வு மட்டும் போகவில்லை, மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொரு வருடமும், ஹைஸ்கூலில் ஒரு தடவையும் உண்டு. மிகவும் பின்தங்கிய பள்ளி எது என்பதை மாநிலம் கண்டுபிடிக்க வேண்டும்: டைட்டில் ஒன் பள்ளிகளில் கடைசி 5 சதவீதம், அப்புறம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் பட்டம் வாங்காமல் போகும் ஹைஸ்கூல்கள்.

பள்ளிக்குள் நான் நேரில் பார்த்த மாற்றத்தைச் சொல்கிறேன். பழைய சட்டத்தில், டைட்டில் ஒன் பணம் ஏற்கெனவே இருப்பதன் மேல் கூடுதலாக இருக்க வேண்டும், இருப்பதற்குப் பதிலாக வரக் கூடாது என்ற விதியை ஒவ்வொரு பில்லுக்கும் நிரூபிக்க வேண்டியிருந்தது. விளைவு? ஒரு பள்ளியில் லேப்டாப் வண்டி ஒன்று, ஒவ்வொரு லேப்டாப்பிலும் டைட்டில் ஒன் ஸ்டிக்கரோடு, பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. டைட்டில் ஒன் உதவிக்கென்று போட்ட பட்டியலில் இல்லாத பிள்ளை தொட்டுவிட்டால் ஆடிட்டில் மாட்டுவோம் என்று பிரின்சிபலுக்குப் பயம். ஈஎஸ்எஸ்ஏ அதை மாற்றியது. இப்போது பில் பில்லாகக் காட்ட வேண்டாம். மாநில, உள்ளூர்ப் பணத்தை எல்லாப் பள்ளிக்கும் ஒரே முறையில்தான் பிரிக்கிறோம், டைட்டில் ஒன் வருகிறது என்பதற்காக எந்தப் பள்ளிக்கும் குறைக்கவில்லை என்று ஒரு முறையை எழுதிக் காட்டினால் போதும்.

சட்டம் மாறிய உடனே வண்டி வெளியே வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் இரண்டு வருடம் உள்ளேதான் இருந்தது. பழைய விதி மனதில் ஊறிப்போயிருந்தது. பள்ளிகள் சட்டத்துக்கு அல்ல, போன ஆடிட்டருக்குப் பயந்தே நடக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி (ஹூஸ்டன், வகுப்பறை உதவியாளர்): அக்கா, டைட்டில் ஒன் சம்பளம் என்பதால் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். எதற்கு? வேலைக்கு ஆபத்தா?

அந்தத் தாள், நீங்கள் முழு நேரமும் அந்த கிராண்ட் வேலையைத்தான் செய்தீர்கள் என்பதற்குச் சாட்சி. 2014-இல் வந்த புது விதிகள் வேறு வகை ஆவணங்களையும் ஏற்கின்றன, ஆனாலும் பல டிஸ்ட்ரிக்டுகள் பழைய பழக்கத்தை விடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, உண்மையாக எழுதினால் சரி. பாதி நாள் ஆஃபீஸில் ஜெராக்ஸ் எடுக்க வைத்தார்கள் என்றால் கையெழுத்துப் போடாமல் முதலில் சொல்லுங்கள்.

வேலை விஷயம்: உங்கள் பிரின்சிபலிடம் "என் பதவி எந்த நிதியில் இருக்கிறது, எத்தனை சதவீதம்" என்று நேராகக் கேளுங்கள். சட்டமோ ஒதுக்கீடோ மாறினால் நாங்கள் செய்யும் முதல் வேலை, ஆட்களை ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதுவதுதான். உதாரணத்துக்கு, நாலு வாசிப்பு டீச்சர் டைட்டில் ஒன்னில் இருக்கிறார்கள், ஒதுக்கீடு கால்வாசி குறைகிறது என்று வையுங்கள். யாராவது ஓய்வு பெறுகிறார்களா என்று முதலில் பார்ப்போம். இல்லையென்றால் ஒருவரைப் பாதி மாநில நிதிக்கு நகர்த்துவோம். அதுவும் முடியாதபோதுதான் ஆளைக் குறைக்கும் பேச்சு. அந்தக் கடைசிப் படியில் முதலில் அடிபடுவது உங்களைப் போன்ற உதவியாளர்கள்தான். மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி (சார்லட், ஒரு அம்மா): சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினேன். உடனே மகளுக்கு ஆங்கிலத் தேர்வு வைத்து, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இஎஸ்எல் வகுப்பில் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கு இதனால் பணம் கிடைக்கிறதா? தமிழ் என்று எழுதியதே தப்போ?

தப்பே இல்லை. படிவத்தில் உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதியதால் தேர்வு வைத்தார்கள், தேர்வில் வந்த மார்க்கால்தான் வகுப்பில் போட்டார்கள். இதற்கான ஃபெடரல் நிதி டைட்டில் த்ரீ, அதே சட்டத்தின் மூன்றாவது பகுதி. நாடு முழுக்கச் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 89 கோடி டாலர், ஒரு பிள்ளைக்கு என்று பிரித்தால் ஒரு டீச்சரின் சில மணி நேரச் சம்பளம். அதற்காக யாரும் பிள்ளையைப் பிடித்துப் போட மாட்டார்கள்.

இஎஸ்எல் வகுப்பே டைட்டில் த்ரீ பணத்தில் நடப்பதில்லை. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குப் புரியும்படி கற்பிக்க வேண்டும் என்பது 1974-இல் லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கடமையை டிஸ்ட்ரிக்ட் தன் சொந்தப் பணத்தில் செய்தாக வேண்டும். டைட்டில் த்ரீ அதன் மேல் வைக்கும் கூடுதல்தான். நாளைக்கு அந்த நிதி நின்றாலும் கடமை நிற்காது. சேவை வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும், அவள் தேறும் வரை வருடாந்தர ஆங்கிலத் தேர்வு மட்டும் தொடரும்.

கேள்வி (சிகாகோ புறநகர், ஸ்கூல் போர்டுக்குப் போட்டியிடுபவர்): கோவிட் பணம் தீர்ந்த பிறகு பல டிஸ்ட்ரிக்டுகள் தள்ளாடுகின்றன. எங்கே பிசகியது?

மூன்று கோவிட் நிவாரணச் சட்டங்களில் பள்ளிகளுக்கு வந்தது மொத்தம் சுமார் 19,000 கோடி டாலர். 2021-இல் வந்த கடைசித் தவணை மட்டும் 12,200 கோடி, அதில் டிஸ்ட்ரிக்ட் பங்கில் 20 சதவீதம் விட்டுப்போன படிப்புக்கு. கடைசித் தேதி 2024 செப்டம்பர் 30. தேதி முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் பிசகியது, ஏனென்றால் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது மனிதர்கள், பணமோ முடிவுத் தேதி போட்ட பணம்.

நாங்களும் தப்பு செய்தோம். ஏசி, காற்றோட்டக் குழாய், நாலு வருடத்துக்கான பாடப்புத்தகம் என்று ஒரு தடவைச் செலவுகளில் போட்டது நன்றாகப் போயிற்று. கூடவே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்களை நிரந்தரப் பதவியில் எடுத்தோம். "அதற்குள் மாநிலம் ஏதாவது செய்யும்" என்றார் ஒருவர். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். 2024 வசந்த காலத்தில் அதே கவுன்சிலர்களில் சிலருக்கு வேலை நீக்கக் கடிதம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்காமலே, "இது அந்தக் கோவிட் பணம்தானே" என்று கேட்டாள்.

செலவை ஒப்பந்தம் செய்துவிட்டுப் பில்லைப் பிறகு கொடுக்க நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு வேறு அடி. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மாலை, நீட்டிப்பு ரத்து என்று கடிதம் வந்தது. ஃபெடரல் கிராண்ட் பெரும்பாலும் நாம் செலவழித்துவிட்டுத் திரும்ப வாங்கும் பணம். வேலை முடிந்திருக்கும், கான்ட்ராக்டர் பில் நீட்டுவார், திருப்பித் தர வேண்டியவர் கையை விரித்துவிட்டார். பல மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின.

போர்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு புதுப் பதவிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: மூன்றாவது வருடச் சம்பளம் எந்த நிதியில்?

கேள்வி (அட்லாண்டா, பள்ளி முடிந்த பின் நடக்கும் வகுப்பு நடத்துபவர்): 2025 ஜூலையில் எங்கள் பணம் வரவில்லை, அப்புறம் வந்தது. என்னதான் நடந்தது?

ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் பணம் திறக்கும். அந்த வருடம் ஜூன் 30-ஆம் தேதி, மறுஆய்வில் இருக்கிறது, இப்போது தர மாட்டோம் என்று மாநிலங்களுக்கு மெயில் வந்தது. சுமார் 680 கோடி டாலர்: ஆசிரியர் பயிற்சி, ஆங்கிலம் கற்போர், இடம்பெயரும் தொழிலாளர் பிள்ளைகள், உங்கள் வகுப்புகள். காங்கிரஸ் ஒதுக்கிய பணம்தான். உங்கள் பங்கை ஜூலை நடுவில் விட்டார்கள், மீதியை மாதக் கடைசியில்.

அந்த நாலு வாரத்துக்குப் பிறகு எங்கள் பழக்கமே மாறிவிட்டது. ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை அக்டோபர் வரை தொடுவதில்லை. ஃபெடரல் பணத்தைச் செலவழிக்கப் பொதுவாக 27 மாதம் அவகாசம் உண்டு. ஆனால் டைட்டில் ஒன்னில் 50,000 டாலருக்குக் குறையாமல் வாங்கும் டிஸ்ட்ரிக்டுகள் பொதுவாக அதில் 15 சதவீதத்துக்கு மேல் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது, அதனால் பதுக்கி வைக்கவும் வழியில்லை.

கேள்வி (டெட்ராய்ட் பக்கம், ஒரு அப்பா): மிச்சிகனில் எல்லாப் பிள்ளைக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அப்புறமும் வருமானப் படிவம் கேட்டு மூன்று தடவை மெசேஜ் வந்துவிட்டது. எதற்கு?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஒரு பள்ளியின் ஏழ்மையை அளக்கும் கோல் ரொம்ப காலமாகச் சாப்பாட்டுப் படிவம்தான். டிஸ்ட்ரிக்டுக்கு எவ்வளவு என்பது சென்சஸ் கணக்கில் முடிவாகும். டிஸ்ட்ரிக்டுக்குள் எந்தப் பள்ளிக்கு என்பதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்போம். 75 சதவீதத்துக்கு மேல் ஏழ்மை உள்ள பள்ளிக்கு முதலில் கொடுத்தாக வேண்டும். 40-ஐத் தொட்டால், தனிப் பட்டியல் போடாமல் முழுப் பள்ளிக்கும் செலவழிக்கலாம்.

சாப்பாடு எல்லோருக்கும் இலவசம் என்றதும் படிவம் வருவது நின்றது, கோல் உடைந்தது. ஸ்னாப் உணவு உதவியும், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் வாங்கும் குடும்பங்களை நேராக எண்ணி ஒட்டுப்போட்டிருக்கிறோம். 2025-இல் வந்த சட்டம் அந்த இரண்டையும் சுருக்குகிறது. குடும்பம் ஏழையாகவே இருக்கும், பட்டியலில் மட்டும் இருக்காது. அதனால்தான் உங்களைத் துரத்துகிறார்கள். உங்களுக்கு நல்ல வருமானம் என்றாலும் நிரப்பிக் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை.

கேள்வி (சென்னை, ஆய்வு மாணவர்): மேடம், இந்தியாவில் பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா பணத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் 2,152 கோடி ரூபாய் வரவில்லை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததுதான் காரணம் என்கிறது மாநில அரசு. அங்கே இப்படி நடக்குமா?

நடக்காது என்று 2024-இல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இங்கே டைட்டில் ஒன் பணம் சட்டத்திலேயே எழுதிய சூத்திரப்படி பிரிகிறது, நிபந்தனையும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் தலையிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அங்கே சமக்ர சிக்ஷா ஒரு திட்டம், மத்திய அரசும் மாநிலமும் 60-க்கு 40 போடும் ஏற்பாடு. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆய்வு செய்யுங்கள். ஆனால் ஜூலை 2025-ஐயும் ஓர் அத்தியாயமாக வைத்துவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு அம்மா): மகன் தனியார் பள்ளி. டைட்டில் ஒன் கிடையாதுதானே?

கிடைக்கலாம். நீங்கள் குடியிருப்பது டைட்டில் ஒன் பள்ளியின் எல்லைக்குள் இருந்து, மகன் படிப்பில் பின்தங்கியும் இருந்தால் உண்டு. பள்ளியின் கையில் பணமாக வராது, டிஸ்ட்ரிக்ட் அனுப்பும் டீச்சராக வரும்.

கேள்வி (எடிசன், முதலில் கேட்ட அம்மா): அக்கா, கடைசியாக ஒன்று. பெற்றோர் நாங்கள் என்ன செய்யலாம்?

டைட்டில் ஒன் பள்ளி என்றால் வருடத்துக்கு ஒரு கூட்டம் கட்டாயம் போட்டு, அதன் விதிகள் என்ன, பெற்றோருக்கு என்ன உரிமை என்று சொல்ல வேண்டும். 5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் டிஸ்ட்ரிக்ட், அதில் 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கென்றே ஒதுக்க வேண்டும். அதை எதில் செலவழிப்பது என்பதில் பெற்றோருக்கும் பேச்சு உண்டு. போன முறை எங்கள் பள்ளி ஒன்றில் நாற்பது நாற்காலி போட்டோம், ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒரு பாட்டி, பேரன் மொழிபெயர்க்க, "சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்" என்று கேட்டார். இந்த வருடம் சனிக்கிழமை காலை வைத்திருக்கிறோம்.