கோத்தகிரியில் சரிவான மனை: "5 அடியில் பாறை தட்டிவிட்டது" என்கிறார் விற்பவர், நம்பி வீடு கட்டலாமா?

குன்னூர்ப் பக்கம் கட்டட வேலை பார்க்கிறவன். தட்டியது பாறையா, பாறாங்கல்லா என்று முதலில் கேளுங்கள்.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். நல்ல கெட்டி. ஆனால் காலங்காலமாக மழையில் மக்கி மேலே செம்மண்ணாகக் கிடக்கிறது, சில இடங்களில் 40 மீட்டர் ஆழம் வரைக்கும். வெடிப்புகளின் வழியாகவே பாறை மக்குவதால், நடுவே மக்காத உருண்டைகள் மண்ணுக்குள் தங்கிவிடும், பாயசத்தில் முந்திரி மாதிரி. கடப்பாரை அதில் பட்டாலும் 'டங்' என்றுதான் கேட்கும். ஒரு குழியை நம்பாதீர்கள். மேல்மூலை, கீழ்மூலை, நடு என்று மூன்று குழியாவது எடுங்கள். இயந்திரம் வைத்துத் துளைத்தால், பாறை தட்டியதும் நிறுத்தாமல் இன்னும் 3 மீட்டர் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செலவுதான், ஆனாலும் செய்யுங்கள்.

சரி, பாறையே என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் தண்ணீர் இருக்கிறது. மண்ணில் இறங்கும் மழை கீழே களிமண்ணிலோ பாறையிலோ முட்டி நின்றால், மேலே உள்ள மண் பிடிப்பை இழந்து வழுக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியபோது மாவட்டமெங்கும் சரிந்தது இப்படித்தான். 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்த நானே என் வீட்டுக்குப் பின்னால் கோட்டை விட்டேன். பத்தடித் தடுப்புச் சுவர். தண்ணீர் வடியக் குழாய் வைத்தோம். ஆனால் சுவருக்குப் பின்னால் ஜல்லி போடாமல், காசு மிச்சம் என்று வெட்டிய மண்ணையே தள்ளிவிட்டேன். முதல் மழைக்காலத்தில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சுவர் கச்சிதம் என்று பெருமைப்பட்டேன். உண்மையில் குழாயெல்லாம் மண் அடைத்துக் கிடந்தது. அடுத்த ஐப்பசியில் சுவர் வயிறு தள்ளியது, மூன்றாம் நாள் காலையில் சமையலறை வாசலில் கிடந்தது. மழையில் குழாய் ஒழுகினால்தான் நிம்மதி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அடைமழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடிமரம் வளைந்த மரங்கள், மேட்டில் பிறை மாதிரி வெடிப்பு, மழை விட்டு ஒரு வாரமாகியும் காயாத ஈரம் இருந்தால் யோசியுங்கள். மேல்மனைக்காரர் வீட்டுக் குளியல் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். பல இடங்களில் அது கீழ்மனைக்குள்தான் இறங்குகிறது.